பன்னிரண்டில் ஐந்து பச்சை

ஜனவரி 6

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம், உன் மாமாவின் முழங்காலைத் தவிர. அது மாடிப்படியைப் பார்த்தாலே முனக ஆரம்பித்துவிடுகிறது. நீ எப்படி இருக்கிறாய்? வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை ஆராய்ச்சி ஆராய்ச்சி என்று வயிற்றைக் காயப்போடுகிறாயா?

ஒரு அவசரம். கடைக்குப் புதுச் சாமான் ஒன்று வந்திருக்கிறது. பெட்டி மேல் 'சாகாச் செடி' என்று போட்டிருக்கிறது. திறந்தால் உள்ளே பழைய கயிற்றைச் சுருட்டி வைத்த மாதிரி ஒரு பழுப்பு உருண்டை. 'தண்ணீர் காட்டுங்கள், உயிர் பெறும்' என்று அட்டையில் கொட்டை எழுத்து. நம் கடை வழக்கம் உனக்குத் தெரியும். எரியாத பல்பு, ஓடாத கடிகாரம், கத்தாத பொம்மை எதையும் நான் யார் கையிலும் கொடுத்ததில்லை. பத்தொன்பது வருஷமாக எதுவானாலும் இயக்கிக் காட்டிய பிறகுதான் பொட்டலம் கட்டுகிறேன். அதனால் இதிலும் ஒன்றை எடுத்துக் கிண்ணத்தில் போட்டு, தண்ணீர் ஊற்றி, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி மேஜை மேல் வைத்தேன். மூன்று மணி நேரத்தில் அப்படியே விரிந்துவிட்டது! நின்றவர்கள் கை தட்டினார்கள். நானும் சும்மா இருக்காமல், "பாருங்க, உயிர் வந்துடுச்சு!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லிவைத்தேன். அன்றைக்கு மட்டும் இருபது பெட்டி போயிற்று.

நேற்றுக் கணக்கு டீச்சர் வந்தார். நம் தெரு மூலைப் பள்ளிக்கூடத்தில் இருக்கிறாரே, அவர்தான். "விரிஞ்சுதுங்க. ஆனா ஒரு வாரமா பழுப்பாவே கிடக்கு. விரிஞ்சா உயிராயிடுமா? குடையும்தான் விரியுது" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். என் முகத்தில் ஈயாடவில்லை. மேஜை மேல் இருந்ததைத் திரும்பிப் பார்த்தேன். அதுவும் பழுப்புதான்.

விடுவேனா? "என் தம்பி விதைப் பரிசோதனை நிலையத்துல ஆராய்ச்சியாளரா இருக்கான். அவன் சொல்லட்டும், நான் ஒத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டேன். பன்னிரண்டு பெட்டி பார்சலில் வருகிறது. உயிர் வருமா வராதா, இரண்டில் ஒன்று சொல்லிவிடு. உன் கையெழுத்தும் அலுவலக முத்திரையும் போட்டு அனுப்பு. இந்தத் தெருவில் என் வாக்கு இதுவரை பொய்த்ததில்லை. அது இப்போது உன் கையில் இருக்கிறது.

பனியில் தலையை மூடிக்கொண்டு போ.

உன் அக்கா

ஜனவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். வேளைக்குச் சாப்பிடுகிறேன். மாமா முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாரா என்று கேள். பதில் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே.

பார்சல் நல்லபடியாக வந்தது. வாசல் காவலர் உறையைத் தூக்கிப் பிடித்து, "ஆராய்ச்சியாளர் அவர்களுக்கு! யாருப்பா அந்தப் பெரிய மனுஷன்?" என்று சத்தம் போட்டார். இனிமேல் உறையில் பெயர் மட்டும் போட்டால் போதும், அக்கா.

இங்கே விதைக்கு எப்படிப் பார்ப்பார்களோ அப்படியே பார்க்கப்போகிறேன். கண்ணாடித் தட்டில் உறிஞ்சுதாள் விரித்து, நன்றாக நனைத்து, விதையைப் பரப்பி மூடி, இளஞ்சூட்டில் இருக்கிற பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும். பதினாலாம் நாள்தான் முளைத்ததை எண்ணும் நாள். அதுவரை திறக்கக் கூடாது. தட்டு பளிங்கு மாதிரி சுத்தமாக இருக்க வேண்டும். ஒரு விரல் ரேகை இருந்தாலும் பூசணம் பிடித்துச் சோதனையே கெட்டுப்போகும். எங்கள் நிலையத்தில் ஒரு நாளைக்கு நானூறு தட்டு புழங்குகிறது. வரிசையாக வெயிலில் காயவைத்திருக்கும்போது நீ பார்க்க வேண்டும். கண் கூசும்.

முத்திரை மட்டும் கேட்காதே. அது விதைக்கு மட்டும்தான் போடுவார்கள்.

உன் தம்பி

பிப்ரவரி 2

தம்பிக்கு,

எல்லோரும் நலம். ஒத்தடம் நடக்கிறது, முனகலும் நடக்கிறது.

முத்திரை வேண்டாம், கையெழுத்து போதும். எதற்கு இவ்வளவு அடக்கம்? ஊரில் ஒன்றுமில்லாதவன் எல்லாம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிகிறான். டீச்சர் நேற்றும் வந்து, "தம்பிகிட்டேயிருந்து பதில் வந்துச்சா?" என்று கேட்டார். மொத்த வியாபாரியிடம் கேட்டால், "எல்லாம் உசிரோட இருக்கறதுதாங்க, சந்தேகமே வேண்டாம்" என்கிறார். அவர் எல்லாச் சாமானுக்கும் அதைத்தான் சொல்வார்.

சீக்கிரம் எழுது.

அக்கா

பிப்ரவரி 13

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உங்கள் எல்லோருடைய நலமும் அறிய ஆசை.

பதினாலாம் நாள் முடிந்து திறந்து பார்த்தேன். முடிவு கீழே.

வைத்தவை பன்னிரண்டு. விரிந்தவை பன்னிரண்டு. பச்சை வந்தவை ஒன்றுமில்லை. பன்னிரண்டும் பழுப்பாக, கொழகொழவென்று, பூசணம் பிடித்துக் கிடந்தன. வாடை தாங்க முடியவில்லை. தட்டு அத்தனையும் சுத்தமானவை, அதற்கு நான் உத்தரவாதம். ஆகவே இந்தச் செடிகள் பெட்டிக்குள் வரும்போதே செத்தவை. டீச்சர் கேட்டது சரியான கேள்வி.

ஒரு சோதனையை முதலிலிருந்து கடைசிவரை நானே செய்தது இதுதான் முதல் தடவை. முறைப்படி செய்திருக்கிறேன். நீ தைரியமாகச் சொல்லலாம்.

உன் தம்பி

பிப்ரவரி 20

என் தங்கத் தம்பிக்கு,

உடம்பெல்லாம் நன்றாக இருக்கிறது, மனசு அதைவிட நன்றாக இருக்கிறது. உன் கடிதம் வந்த அன்றே கடையில் இருந்த பெட்டி அத்தனையையும் அலமாரியிலிருந்து இறக்கிவிட்டேன். உன் கடிதத்தைக் கண்ணாடிக் கதவில் ஒட்டினேன். 'என் தம்பியின் சோதனைப்படி இந்தச் செடிகள் செத்தவை. கொண்டுவந்து கொடுத்துவிட்டு வேறு சாமான் எடுத்துக்கொள்ளுங்கள்' என்று பக்கத்தில் ஒரு தாள். டீச்சர் வந்து நின்று நிதானமாகப் படித்தார். "உங்க தம்பி தெளிவா எழுதியிருக்காருங்க" என்றார். எனக்கு ஒரு சாண் உயரம் கூடிவிட்டது.

அதோடு விட்டேனா? மொத்த வியாபாரியின் கிடங்குக்கே போனேன். மூட்டை தூக்குகிறவர்கள் எல்லாம் நிற்கும்போதே, "செத்ததைப் பெட்டியில போட்டுச் சாகாச் செடின்னு விக்கறீங்களே, மனசு உறுத்தலையா?" என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுவிட்டு வந்தேன். மனிதர் தலையைக் குனிந்துகொண்டார்.

எட்டுப் பேரைத் தவிர எல்லோரும் கொண்டுவந்து கொடுத்துவிட்டார்கள். உன்னால் என் வாக்கு நின்றது. கண் பட்டுவிடப்போகிறது உனக்கு. ஜாக்கிரதையாக இரு.

பெருமையுடன்,
உன் அக்கா

மார்ச் 9

அருமை மச்சானுக்கு,

மாமா எழுதுகிறேன். என் முழங்கால் பற்றி எல்லோருக்கும் உன் அக்காவே சொல்லிவிடுவதால் நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நான் எழுதியது அவளுக்குத் தெரிய வேண்டாம்.

போன வாரம் எதிர் வரிசைத் தையல்காரம்மா கடைக்கு வந்தார். சும்மா வரவில்லை, ஒரு கிண்ணத்தை ஏந்திக்கொண்டு வந்தார். அதில் அந்தச் செடி. பச்சை என்றால் அப்படி ஒரு பச்சை! "என் செடியைத் திருப்பிக் கேக்கறீங்களாமே? நல்லா இருக்கற பிள்ளையைச் செத்துப்போச்சுன்னு எழுதி ஒட்டியிருக்கீங்க, இது நியாயமா?" என்று பிடித்துக்கொண்டார். கடை நிறைய ஆள். கணக்கு டீச்சரும் அங்கே நின்றார். பக்கத்துக் கடைக்காரன், "ஆராய்ச்சியாளர் தம்பிகிட்ட இந்தக் கிண்ணத்தையும் அனுப்பிப் பாருங்கக்கா, இதையும் சாகடிச்சுக் குடுப்பாரு" என்று சொல்லிவிட்டான்.

உன் அக்கா கிண்ணத்தை வாங்கி, அந்தப் பச்சையைத் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். கடிதத்தைக் கதவிலிருந்து எடுத்துவிடலாமே என்றேன். "அவன் பாத்து எழுதினது. எடுக்க மாட்டேன்" என்கிறாள். உன்னிடம் கேட்டு எழுதவும் மாட்டேன் என்கிறாள். கேட்டால் உன்னைச் சந்தேகப்பட்டதாக ஆகிவிடுமாம். இரண்டு பேருக்கும் நடுவில் நான் மாட்டிக்கொண்டு முழிக்கிறேன். எது உண்மையோ அதை நீயே அவளுக்கு எழுதிவிடு, மச்சான். உன்னை நம்பித்தான் அவள் அந்தக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறாள்.

உன் மாமா

மார்ச் 16

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ எப்படி இருக்கிறாய்?

இன்னும் பன்னிரண்டு பெட்டி அனுப்ப முடியுமா? இறக்கி வைத்ததிலிருந்து கை போனபடி எடு, பொறுக்கி எடுக்காதே. ஒரு விஷயம் பார்க்க வேண்டியிருக்கிறது.

தம்பி

மார்ச் 24

தம்பிக்கு,

பெட்டிகள் அனுப்பியாயிற்று. எல்லோரும் நலம்.

உனக்கு யாராவது ஏதாவது எழுதினார்களா என்று உன் மாமாவிடம் கேட்டேன். இல்லை என்றார். தபால் தலை எதற்கு வாங்கினீர்கள் என்றேன். முழங்காலுக்கு என்றார்.

உறையில் பெயர் மட்டும்தான் போட்டிருக்கிறேன்.

அக்கா

ஏப்ரல் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் மாமாவும் நலமாக இருக்க வேண்டும் என்று இந்தத் தடவை மனசார நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். இதை உட்கார்ந்து படி.

முதலில் செடி. பன்னிரண்டையும் இந்தத் தடவை நிலையத்துக்குக் கொண்டுபோகவில்லை. என் அறை ஜன்னலில் பன்னிரண்டு கிண்ணம் வைத்து, ஒவ்வொன்றிலும் எண் எழுதி ஒட்டினேன். அடிப்பாகம் மட்டும் நனைகிற அளவுக்குத் தண்ணீர், தினமும் புதுத் தண்ணீர், நல்ல வெளிச்சம். காலையும் மாலையும் பார்த்துக் குறித்துக்கொண்டேன். முதல் நாளே பன்னிரண்டும் விரிந்துவிட்டன. ஆனால் அதற்கு ஒரு மதிப்பும் இல்லை, அக்கா. காய்ந்த நார் தண்ணீர் குடித்தால் ஊதி நிமிர்கிறது, அவ்வளவுதான். உயிருள்ளதும் விரியும், செத்துப் பல வருஷம் ஆனதும் விரியும், திரும்பத் திரும்ப விரியும். டீச்சர் குடை என்று சொன்னாரே, அது அப்படியே உண்மை.

மூன்றாம் நாள் நாலாம் எண்ணில் நடுவில் பச்சை தெரிந்தது. பிறகு ஒன்பது. ஆறாம் நாளைக்குள் ஐந்து பச்சை. மீதி ஏழு எத்தனை நாள் வைத்தும் பழுப்பை விட்டு மாறவில்லை. ஒரு வாரம் ஆனதும் எல்லாவற்றையும் எடுத்துக் காயவிட்டேன். திரும்பச் சுருண்டன. திரும்ப நனைத்தேன். அதே ஐந்துதான் பச்சை, அதே ஏழு பழுப்பு. ஆக, பெட்டியில் எழுதியிருப்பதும் முழு உண்மை இல்லை, நான் எழுதியதும் உண்மை இல்லை. பன்னிரண்டில் ஐந்துக்கு உயிர் இருக்கிறது. அதிக நாள் காய்ந்து கிடந்ததெல்லாம் போய்விட்டது.

அப்படியானால் முதல் தடவை என்ன ஆயிற்று? நான் கொன்றேன். விதைக்கு உள்ள முறையைச் செடிக்குப் போட்டுவிட்டேன். சூடான பெட்டிக்குள், மூடி போட்டு, பதினாலு நாள் ஈரத்திலேயே ஊறவிட்டேன். இடையில் ஒரு நாள் திறந்து பார்த்திருந்தால் பச்சையைக் கண்ணால் கண்டிருப்பேன். எண்ணும் நாள்வரை திறக்கக் கூடாது என்ற சட்டத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உயிரோடு வந்ததெல்லாம் அதற்குள் அழுகிப்போயிருக்கிறது. வியாபாரியை அத்தனை பேர் முன்னால் நீ திட்டியது என் தப்பால்.

இனி இரண்டாவது விஷயம்.

ஒரு ஆராய்ச்சியாளன் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான். நான் ஆராய்ச்சியாளன் இல்லை, அக்கா. நான் தட்டு கழுவுகிறேன். நானூறு தட்டு என்று எழுதினேனே, அதைக் கழுவுகிறவன் நான்தான். சோதனையைப் பரிசோதகர் அம்மா செய்வார், நான் கழுவும் இடத்துக் கண்ணாடி வழியாக நாலு வருஷமாகப் பார்க்கிறேன். பார்த்ததை வைத்து, யாருக்கும் தெரியாமல் செய்தேன். வேலைக்குச் சேர்ந்தபோது 'பரிசோதனைப் பிரிவில் வேலை' என்று உனக்கு எழுதினேன். அது பொய் இல்லை. நீ அடுத்த கடிதத்தில் ஆராய்ச்சியாளர் என்று எழுதினாய். இல்லை என்று அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும். உன் சந்தோஷத்தைப் பார்த்து விட்டுவிட்டேன். எனக்கும் அது பிடித்திருந்தது. அதுதான் நிஜம்.

நேற்றுப் பரிசோதகர் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். முதலில் சிரித்தார். பிறகு நான் குறித்து வைத்த தாளை வாங்கி முழுசாகப் படித்துவிட்டு, "இரண்டாவது தடவை காயவெச்சு நனைச்சுப் பாக்கணும்னு உனக்கு யார் சொன்னது?" என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை என்றேன். "ம்" என்றார். அவ்வளவுதான் பேச்சு. ஆனால் அந்தத் தாளை அவர் மேஜை இழுப்பறையில் வைத்துக்கொண்டார்.

கதவில் இருக்கிற பழைய கடிதத்தைக் கிழித்துவிட்டு இதை ஒட்டு. உன் வாக்கைக் கெடுத்தது நான் என்று எல்லோருக்கும் தெரியட்டும். நீ எழுதாமல் இருந்தாலும் எனக்குப் புரியும்.

தம்பி

மே 30

அன்புத் தம்பிக்கு,

உன் மாமாவின் முழங்கால் தேவலை. எனக்குத்தான் ஆறு வாரமாக உடம்பில் ஒன்றுமில்லாமலே ஏதோ சரியில்லை. ஏன் என்று சொல்கிறேன். கோபத்தோடுதான் சொல்வேன், பொறுத்துக்கொள்.

நீ சொன்னபடி கடிதத்தை ஒட்டினேன். ஆனால் முழுசாக ஒட்டவில்லை. செடி பற்றிய முதல் பக்கத்தை மட்டும் ஒட்டிவிட்டு, தட்டு கழுவுகிற பக்கத்தைப் பீரோவில் துணிக்கு அடியில் வைத்தேன். உன் மேல் கோபம் என்று உன் மாமாவிடம் சொல்லிக்கொண்டேன். பொய். வெட்கம். பத்தொன்பது வருஷமாக உள்ளதை உள்ளபடி காட்டித்தான் விற்பேன் என்று வாய் கிழியப் பேசினவள், உன் கடிதத்தில் பாதியை ஒளித்துவைத்தேன். உனக்கு ஆராய்ச்சியாளர் என்று பட்டம் கட்டியதும் நான்தான். நீ எழுதாத வார்த்தை அது. என் பெருமைக்காக உன்னை நாலு வருஷம் நெளியவிட்டிருக்கிறேன். அந்த வாசல் காவலர் கத்தினபோது உனக்கு எப்படி இருந்திருக்கும்!

மொத்த வியாபாரியிடம் மட்டும் உடனே போனேன். அதே கிடங்கு, மூட்டை தூக்குகிறவர்கள் இருக்கிற அதே நேரம். "நான் சொன்னது பாதி தப்பு. மன்னிச்சுடுங்க" என்று அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னேன். "பாதிதானா?" என்றார். "பாதிதான். பன்னிரண்டுக்கு ஏழு செத்ததுதானே குடுத்திருக்கீங்க?" என்றேன். சிரித்துவிட்டார்.

போன வாரம் டீச்சர் கதவில் இருந்த பக்கத்தைப் படித்துவிட்டு உள்ளே வந்தார். "'நான் கொன்றேன்'னு எழுதியிருக்காரே, இவ்வளவு நேரா தன் தப்பை யாருங்க எழுதுவாங்க? பெரிய படிப்பு படிச்சவரா?" என்றார். ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். தம்பி, வரவில்லை. நேராக வீட்டுக்குப் போய்த் துணிக்கு அடியிலிருந்து அந்தப் பக்கத்தை எடுத்துவந்தேன். அவர் எதிரிலேயே கதவில் ஒட்டினேன். அவர் படித்தார். தையல்காரம்மா வந்து படித்தார். பக்கத்துக் கடைக்காரன் இரண்டு தடவை படித்துவிட்டு, "கழுவற இடத்துலேர்ந்து பாத்தே இவ்வளவு கத்துக்கிட்டாரா?" என்றான். "பின்னே? அவன் கழுவின தட்டு இல்லைன்னா அங்க ஒரு சோதனையும் நடக்காது" என்றேன். சொல்லும்போதுதான் எனக்கே அது உறைத்தது. ஆராய்ச்சியாளர் என்று சொன்னபோதெல்லாம் எனக்கு இப்படிக் குரல் எழும்பினதே இல்லை.

இப்போது விஷயம். இறக்கி வைத்ததும் திரும்பி வந்ததுமாக எண்பது பெட்டிக்குக் கொஞ்சம் குறைவாக உள்ளே கிடக்கிறது. பார்க்காமல் ஒன்றைக்கூட இனி விற்க மாட்டேன். எல்லாவற்றையும் கடை வாசலில் கிண்ணத்தில் வைத்து, பச்சை வந்ததை மட்டும் காயவைத்துப் பெட்டியில் போடலாம் என்று இருக்கிறேன். பழுப்பை, 'செத்தது, விரிவதைப் பார்த்து மகிழலாம்' என்று எழுதியே தனியாக வைப்பேன். வேண்டுகிறவர்கள் வாங்கட்டும். ஆனால் முறை தெரிந்தவன் நீதான். ஒரு வாரம் லீவு போட்டு வா. டீச்சர் தன் வகுப்பையே கூட்டிக்கொண்டு வரப்போகிறாராம். கிண்ணம் தர ஆளாளுக்கு நான் நீ என்கிறார்கள்.

அத்தனை பேர் முன்னால் உன்னை யார் என்று நான் சொல்ல வேண்டும். இந்தத் தடவை நானாக எதையும் சேர்த்துக்கொள்ள மாட்டேன். என்ன சொல்ல வேண்டும் என்று நீயே எழுது. எழுதினதை எழுதினபடி சொல்கிறேன்.

உன் அக்கா

ஜூன் 5

அக்காவுக்கு,

நலம். சனிக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். ஒரு வாரம் லீவு கிடைத்துவிட்டது.

என் தம்பி என்று சொல். என்ன வேலை என்று கேட்டால், தட்டு கழுவுகிறான் என்று சொல். மெதுவாகச் சொல்லாதே.

தம்பி